என் தந்தையார் நடனமாடிய புதன்கிழமை

மொழிபெயர்ப்பாளர் பதவியை நான் எட்டு வயதில் ஏற்றேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரின் ஓரத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், அலுவலகத்திலும் மருத்துவரிடத்திலும் என் பெற்றோருக்காகப் பேசியவள் நானே. அப்பதவியில் நான் செய்த ஒரே மோசடியைப் பற்றியதே இது.

அவ்வாண்டு என் தாயாருக்கு முதன்முதலாக ஒரு வேலை கிடைத்தது. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் மண்டபத்தில் புதன்கிழமைப் பிற்பகல்களில் கோப்பி ஊற்றுவதும், கேக் வெட்டுவதும், பாத்திரம் கழுவுவதும் அவ்வேலை. அதற்கான கடிதம் தாயாரின் பெயருக்கே வந்தது. அதுவரை வந்த கடிதங்களிலெல்லாம் தந்தையாரின் பெயருக்குக் கீழேதான் அவர் இடம்பெற்றிருந்தார். இந்தக் கடிதத்தை மடிக்கவும் மனமின்றி, மாதாவின் படத்துக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தார்.

கோவில் என்ற சொல்லைக் கேட்டவுடன் தந்தையார் சம்மதித்துவிட்டார். மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை, தாயாரும் சொல்லவில்லை. நானோ பள்ளி விட்டதும் அங்கே சென்று, மிஞ்சும் கேக்கை உண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் இந்த ஏற்பாடு குலைந்தது. தமிழ்க் கடையில் தந்தையாருடன் நான் நின்றபோது, தெரிந்தவர் ஒருவர் மிகுந்த அனுதாபத்துடன் அருகே வந்தார்.

“அண்ணை, புதன்கிழமையில கோவில் மண்டபத்தில சோடி சோடியா ஆட்டமெல்லோ நடக்குது. உங்கட மனிசியையும் அங்க கண்டனான்,” என்று சொல்லிவிட்டு, அவர் முருங்கைக்காயைத் தெரிந்தெடுக்கத் தொடங்கினார்.

அடுத்த புதன்கிழமை தந்தையார் தொழிற்சாலையில் அரைநாள் விடுப்பு எடுத்து, கோட்டு அணிந்து, எங்கள் வதிவிடப் பத்திரங்கள் அடங்கிய ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பள்ளி வாசலில் என்னை எதிர்கொண்டார். எக்காரியத்துக்குப் போனாலும் அந்த ஃபைலும் உடன் போகும்.

“பொறுப்பான ஆளிட்டச் சொல்லு பிள்ளை, அம்மா இனி வேலைக்கு வரமாட்டா எண்டு. மரியாதையாச் சொல்லு.”

“ஏனப்பா?”

“ஏன் எண்டு கேக்காமல் சொல்லு.”

அவர் எதிர்பார்த்துச் சென்ற வண்ண விளக்குகளும் கட்டிப்பிடித்த இளைஞர்களும் மண்டபத்தில் இல்லை. எழுபது வயதைக் கடந்த பெண்மணிகள், மணிமாலை அணிந்து, ஒருவர் தோளில் மற்றவர் கைவைத்து, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தனர். ஆண்கள் நான்கைந்து பேருக்கு மேல் இல்லை. தந்தையார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவ்வேளையில் அக்கோர்டியன் வாசித்த முதியவர் “டாமன்வால்” என்று அறிவித்தார். அடுத்த பாட்டுக்குப் பெண்களே ஆண்களைத் தேர்ந்து அழைப்பர். அழைக்கப்பட்டவர் மறுப்பது மரியாதையன்று. எனக்கு அவ்விதி தெரியும். தந்தையாருக்குத் தெரியாது.

நீலச் சட்டை அணிந்த நெடிய பெண்மணி ஒருவர் நேரே எங்களிடம் வந்து, தலைதாழ்த்தித் தந்தையாரை நோக்கிக் கையை நீட்டினார்.

“இவவோ பொறுப்பு? சொல்லு,” என்றார் தந்தையார்.

நான் ஜெர்மன் மொழியில் சொன்னேன்: அப்பாவுக்கு உங்களோடு ஆட மிகவும் விருப்பம்; வெட்கத்தினால் நிற்கிறார்.

பெண்மணி மலர்ந்து ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“உள்ள வரட்டாம் அப்பா. அங்கால போய்க் கதைப்பமாம்.”

தந்தையார் கண்ணியமாகக் கையைக் கொடுத்தார். மண்டபத்தின் நடுவை அடைந்தபோது இசை தொடங்கிவிட்டது. அத்தனை பேர் முன்னிலையில் மூத்த பெண்மணி ஒருவரின் கையை உதறும் வழி அவருக்குத் தெரியவில்லை. பெண்மணி ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணியபடி அவரைப் பின்னோக்கி நடத்தினார். தந்தையார் ஃபைலையும் விடவில்லை, பெண்மணியின் கையையும் விடவில்லை.

கோப்பிப் பாத்திரத்துடன் வெளியே வந்த தாயார் சிலையானார். பிறகு முன்துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

“இஞ்சருங்கோ, அந்த ஃபைலைத் தாங்கோவன், நான் பிடிக்கிறன்.”

“நீர் பேசாமல் உம்மட வேலையைப் பாரும்,” என்றார் தந்தையார், சுழன்றபடியே.

பாட்டு முடிந்ததும் பெண்மணி தாயாரையும் அழைத்து எங்கள் மூவரையும் தம் மேசையில் அமர்த்தினார். என் தந்தையாருக்குக் கால் நன்றாக வருகிறது, ஆனால் பெண்ணின் பின்னே போகத்தான் மனம் வரவில்லை என்றார். “நல்லா ஆடினீங்களாம்,” என்று மட்டும் மொழிபெயர்த்தேன். அப்பெண்மணிக்கு எவ்வாறு, சோடியை முன்னின்று நடத்தும் ஆணின் நடன அடி தெரியும் என்று, ஒருவரும் கேட்கச் சொல்லாமலே, நானாகக் கேட்டேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த முதற் குளிர்காலத்தில், பாதிக் கூரை போன கட்டடத்தில் நடன வகுப்பு நடந்ததாம். பெண்கள் நிறைந்திருந்தனர், பையன்கள் இருவரே, அவர்களிலும் ஒருவர் ஊன்றுகோலுடன். ஆகவே உயரமான பெண்கள் ஆணின் அடியைக் கற்றார்களாம். பகலில் அவர் ட்ராமில் டிக்கெட் கொடுத்தார். பிற்காலத்தில் ஆண்கள் திரும்பி வந்து அந்த வேலையைக் கேட்டபோது கொடுத்துவிட்டாராம். அடியை மட்டும் கொடுக்கவில்லையாம்.

“அவையின்ர வகுப்பில பெடியள் இல்லையாம் அம்மா,” என்று சுருக்கிச் சொன்னேன். “சண்டை முடிஞ்ச நேரமாம். அதான் தங்களுக்குள்ளயே ஆடினவையாம்.”

தாயாரின் சிரிப்பு நின்றது. “ஊரில சண்டைக்குள்ள எங்கட கடைசி வகுப்பிலயும் ரெண்டு பெடியள்தானே மிச்சம் இருந்தவங்கள்,” என்று தந்தையாரிடம் மெதுவாகச் சொன்னார்.

தந்தையார் நெடுநேரம் கோப்பியைக் கலக்கினார். அதில் அவர் சீனி போட்டிருக்கவில்லை.

“எத்தினை மணிக்கு முடியும்?”

“அஞ்சுக்கு.”

“அப்ப நிண்டு கூட்டிக்கொண்டு போறம்.”

“அடுத்த கிழமை?” என்றார் தாயார், அவரைப் பாராமல்.

“அடுத்த கிழமையும் அஞ்சுக்குத்தானே முடியும்?”

என் பொய் வென்றுவிட்டது என்ற பெருமிதத்துடன் நான் வீடு வரை துள்ளி நடந்தேன். பின்னால் வந்த இருவரும் ஏன் பேசாமல் வந்தனர் என்று நான் யோசிக்கவில்லை. அந்தப் பையன்கள் எங்கே போயிருந்தனர் என்று ஒருவரிடமும் கேட்கவுமில்லை. எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை நடனம் என்று சொன்னவுடன் பையன்கள் ஓடிப்போய்க் கழிவறையில் ஒளிந்துகொள்வார்கள். அந்தப் பெண்மணியின் வகுப்பிலும், என் தாயாரின் வகுப்பிலும், அவர்கள் அவ்வாறே எங்கேனும் ஒளிந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.