அத்தான் போட்ட கண்டல் பாத்தி

அக்காவின் காணி மேற்கே வாவிக்கரையில் முடிகிறது. அந்த முடிகிற இடம்தான் ஆண்டுக்காண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அலை வந்து கரையை அறுக்கும். மண் கட்டி கட்டியாகக் கழன்று விழும். கரைக்கும் கிணற்றுக்கும் இடையில் நின்ற இரண்டு தென்னைகளில் ஒன்று சரிந்தேவிட்டது. கிணறு போனால் மிளகாய்த் தோட்டமும் போகும்.

களுதாவளைக் கரையில், உப்புத் தண்ணீரில் வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும் கண்டல் மரங்கள் நடுவதென்று எங்கள் மகளிர் சங்கம் முடிவெடுத்ததும், பெரியகல்லாற்றுப் பக்கம் போய்க் கன்றுகள் கொண்டுவந்தோம். முதல் கன்றுகள் அக்காவின் கரைக்கு. "நீங்க சும்மா இருங்க, நடுகிறது என்ட வேலை" என்று அத்தான் முன்னால் வந்தார்.

அத்தான் பரம்பரைத் தோட்டக்காரர். அவர் கையில் மண்வெட்டி இருந்தால் பாத்தி தானாக வந்துவிடும். சேற்றிலும் வந்தது. சுற்றிவர வரம்பு கட்டி, நூல் பிடித்து, மிளகாய்க்கு விடுவதுபோல இடைவெளி விட்டு நட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று போனில் படம் எடுத்தார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றினார். வாவித் தண்ணீர்தான் உள்ளே வர வழியில்லை. வரம்பு அவ்வளவு உறுதி. வெயில் ஏற ஏறச் சேறு வெடித்தது, இலைகள் மஞ்சளாயின. வரம்புக்கு வெளியே தவறி விழுந்த ஒரு கன்று மட்டும் அலையில் நனைந்துகொண்டு செழிப்பாக நின்றது. அதைக் கண்டது அக்கா.

"இஞ்ச வந்து பாருங்க, நீங்க நடாததுதான் நல்லா நிக்குது."

"ஒள்ளுப்பம், ஒரு பிடி பசளை போட்டா இதுகளும் வந்திரும்."

பசளை, உரம் என்றதும் அக்காவின் பொறுமை போய்விட்டது. "கிணறு போனா மறுகா எங்க தண்ணி அள்ளப் போறீங்க?" என்று மண்வெட்டியைப் பறித்து வரம்பை வெட்டினாள். தன் பிள்ளைக்கு அடி விழுந்ததுபோல அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பாத்திக்குள் புகுந்தது. கூடவே பொடி மீன்களும் புகுந்தன. அக்காவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, மிச்ச வரம்பை அவரே காலால் மிதித்து உடைத்தார்.

பாதிக் கன்றுகள் பிழைத்தன. இப்போது ஆளுயரம். நூல் பிடித்த வரிசையெல்லாம் வேருக்குள் மறைந்துவிட்டது. இந்தக் கச்சானிலும் பக்கத்துக் காணியின் கரை அறுந்தது. அவர்களுக்கும் கன்று கொடுத்திருக்கிறோம். எங்கள் பக்கம் வந்த அலை கண்டலுக்குள் அடங்கிப் போனது. எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

வேருக்குள் மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் ஒதுங்குவதை அறிந்து, போன கிழமை ஒருவர் வீச்சுவலையோடு வந்தார். கிணற்றடியில் நின்ற அத்தான் சத்தம் போட்டார்.

"தம்பி, அங்கால போய் எறிங்க. அது என்ட தோட்டம்."

"தோட்டமா? என்ன போட்டிருக்கீங்க?"

"மீன் போட்டிருக்கன். இன்னும் விளையல்ல" என்று சொல்லிவிட்டு, அத்தான் வாளியைக் கிணற்றில் இறக்கினார்.