திறக்காத செட்டிங்ஸ் பக்கம்

என் நைனா பழவேற்காடு ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். மீஞ்சூர் அலுவலகத்தில் அது எல்லோருக்கும் தெரியும். நான் எழுதிய பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒழுங்காக ஓடினால்தான் எனக்கு அங்கே வேலை நிரந்தரம்.

எல்லோர் முன்னாலும் மேனேஜர் அதன் செட்டிங்ஸ் பட்டனை அழுத்தினார். பக்கம் திறக்கவில்லை.

முதலில் பட்டனுக்கான கோடிங்கைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அடுத்து, எக்ஸ்டென்ஷனின் பக்கங்களைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பு.

"இன்னாம்மா, உங்க நைனா மாதிரியே தடவின்னுகிறே? எறா மாட்டுச்சா?" என்றார் மேனேஜர்.

செட்டிங்ஸ் பக்கத்தின் பெயர் அந்தக் கோப்பில் இல்லை. சேர்த்து, எக்ஸ்டென்ஷனை மறுபடி ஏற்றி, மவுஸால் பட்டனை அழுத்தினேன். பக்கம் திறந்தது.

அவர் திரையைப் பார்க்கவில்லை. "மவுஸத் தொடச்சிக் குடுப்பா, எறா நாத்தம்" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். அறையே சிரித்தது. நான் சிரிக்கும்வரை என்னையே பார்த்தார்.

சிரித்தேன். பிறகுதான், "திங்கக்கெழம வந்து பர்மனென்ட் ஆர்டர வாங்கிக்கோ" என்றார்.