சிவப்பு விளக்கும் ராசாங்கத்தின் பேச்சும்

“ஒங்க பக்கம் வெங்காயத்துல திருகல் நோயாமே?” என்று கேட்டுக்கொண்டே பெரியவரின் முகவாயை மெஷினின் தாங்கியில் எடுத்து வைக்கிறார் ராசாங்கம். பெரியவர் பயத்தை மறந்து வெங்காயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

பெரம்பலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு 2004இல் வந்து இறங்கிய அந்த மெஷினுக்கு ராசாங்கம்தான் எல்லாம். புரை எடுத்துவிட்டு உள்ளே வைத்த லென்ஸ் நேராக உட்கார்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, நடுவை விட்டு விலகியிருக்கிறதா என்று படம் எடுத்து அளக்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி சாய்வு பாதகமில்லை. உட்கார்ந்திருப்பவர் உள்ளே எரியும் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். ராசாங்கம் வலது பக்கம் நின்று பொத்தானை அமுக்க வேண்டும். பேசுவதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, அதை அவர் இலவசமாகவே செய்கிறார். விக்கிரமங்கலத்துக்கு எத்தனை பஸ், ஏலாக்குறிச்சி கோயிலில் இந்தத் தடவை என்ன கூட்டம், எல்லாம் விரல் நுனியில். பல் பிடுங்கப் போன இடத்திலும் பேசிக்கொண்டிருந்தார் என்கிறாள் மனைவி செங்கமலம்.

அவர் அளந்தவர்கள் அத்தனை பேருக்கும் லென்ஸ் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவின் கண்ணுக்கு நேராகத் தெரிவது மெஷினில் ஏழு, எட்டு என்று வரும். அவர் தன் கைமேலேயே சந்தேகப்பட்டு இளைத்துப்போனார். விக்கிரமங்கலத்துப் பொன்னம்மாளுக்குப் பத்து டிகிரி வந்த அன்று, வரும் புதன்கிழமை கண்ணை மறுபடி திறந்து லென்ஸை நிமிர்த்துவது என்று முடிவாயிற்று.

பொன்னம்மாள் அழுதாள். ராசாங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒரு தடவை அளந்துவிடலாம் என்று உட்கார வைத்து, வழக்கம்போல ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற டாக்டரம்மா அப்போதுதான் கவனித்தார், பொன்னம்மாளின் கண் விளக்கில் இல்லை, ராசாங்கத்தின் முகத்தில் இருந்தது. ஏன் அங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

“பேசுற மனுசன் மூஞ்சியப் பாக்காம எங்கயோ பாத்துக்கிட்டிருந்தா மருவாதியாங்க?” என்றாள் பொன்னம்மாள்.

ராசாங்கத்துக்கு முகம் செத்துப்போயிற்று. இத்தனை நாளும் எல்லார் கண்ணையும் தன் பக்கம் திருப்பி, படத்தில் லென்ஸைச் சாய்த்தது தன் வாய்தான் என்று புரிந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு பொத்தானைத் தொட்டார். பொன்னம்மாள் பதறி, முழுசாகவே அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

“ஏன் தம்பி பேச மாட்டேங்குறீங்க? கண்ணு போயிருச்சா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். பிறகு மெஷினுக்குப் பின்னால் போய் மண்டிபோட்டு, சிவப்பு விளக்குக்கு நேர் பின்னாலிருந்து, “பெரியம்மா, பேத்திக்குக் காது குத்தியாச்சுங்களா?” என்று கேட்டார். பொன்னம்மாளின் கண் குரலைத் தேடி வந்து விளக்கில் நின்றது. காதுகுத்துக்கு யார் யார் வரவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கையை மட்டும் சுற்றி நீட்டிப் பொத்தானை அமுக்கினார்.

எத்தனை என்று டாக்டரம்மா கேட்டார். ராசாங்கம் எழுந்து படத்தைப் பார்த்தார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.