சிலமலையில் கழற்றிய கேபிள்

கேபிள் வயரைத் தோளில் மாட்டி, செட்டாப் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு சிலமலையிலிருந்து போடிக்கு நடந்தேன். இணைப்பே வேண்டாம் என்ற ஒரு வீட்டில் கழற்றியவை. பஸ் போய்விட்டது. வழிநெடுக அந்தப் புருஷனையும் பெண்டாட்டியையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

"டிவி பாக்கக்கூட வக்கில்லாத வீடா?" என்று அவர்களிடம் நேராகவே கேட்டிருந்தேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "பக்கத்து வீட்டுல ஒரு சாவுண்ணே. பதினாறாம் நாள் காரியம் முடியிற வரைக்கும் பெட்டியப் போடல. அப்பத்தான் இந்த மனுசன் எங்கூடப் பேச ஆரம்பிச்சாரு. மறுபடி போட்டோம், ஊமையாயிட்டாரு."

"நெசந்தாண்ணே," என்று புருஷன் வெட்கமில்லாமல் சிரித்தான். "வெரசா கழட்டுங்க."

போடியில் கேபிள் முதலாளியிடம் இதைக் கேலியாகச் சொன்னேன். அவரும் சிரித்தார். "நாளைக்கே போயி மாட்டி விட்டுர்றா. ஒரு மாசம் ஓசின்னு சொல்லு. பேச்சாவது ஒண்ணாவது, தன்னால வந்து விழுவாங்க."

வயரை இறக்கப்போன கை நின்றுவிட்டது. நான் போகிற வீடுகளில் எல்லோரும் பெட்டியைப் பார்த்தபடியேதான் எனக்குப் பதில் சொல்வார்கள். அந்த வீட்டில் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அவர்களைத்தான் நான் கேவலமாகப் பேசியிருந்தேன்.

"வேற ஆளப் பாருங்க," என்று வயரை மேசைமேல் போட்டேன்.

"சோத்துக்கு வழியில்லாத நாயிக்கு ரோசத்தப் பாரு," என்றார்.

சோற்றுக்கு வழியில்லாதது உண்மைதான். பசிக்காக எத்தனையோ இழிந்த வேலைகளைச் செய்திருக்கிறேன். ஆனால் இரண்டு பேர் பேசிக்கொள்வதை நிறுத்த ஓசியில் கேபிள் மாட்டிவிடுவது அவற்றையெல்லாம்விடக் கேவலம்.

மறுநாள் காலை, ஆள் ஏற்றும் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு ஏறி, மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் களை வெட்டப் போனேன்.