மழையைப் 'போ' என்று சொன்னேன்

எங்கள் பக்கத்தில் மழையை யாரும் திட்டமாட்டார்கள். களத்தில் காயப்போட்ட நெல் நனைந்தாலும் சரி, கல்யாணப் பந்தல் சரிந்தாலும் சரி, 'போய்ட்டு வாம்மா' என்றுதான் சொல்வார்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் 'போறேன்' என்று சொல்லாமல் 'வரேன்' என்று சொல்வது போலத்தான் இதுவும். 'போ' என்று சொல்லிவிட்டால் போயே போய்விடும், அப்புறம் விழுந்து கும்பிட்டாலும் திரும்பாது என்பது நம்பிக்கை. உத்திரமேரூர் ஏரியை நம்பிப் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். அறுபதைத் தாண்டியும் அந்த வார்த்தையை மழையைப் பார்த்துச் சொன்னதில்லை. ஒரு கடற்கரை விடுதியில் நின்று சொல்லும்படி ஆயிற்று. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எல்லாம் என் மகன் போட்ட திட்டம். பெங்களூரில் இருந்தவனுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. மனைவி, மகள், மகன் என்று குடும்பத்தோடு கிளம்புவதற்கு முன்னால், எங்களையும் சேர்த்துக்கொண்டு மாமல்லபுரம் பக்கத்தில் கடலோரமாக மூன்று நாள் தங்கலாம் என்றான். யோசனை நல்லதுதான். ஆனால் பிடித்தான் பார் ஒரு நாள், சரியாக ஐப்பசியில்.

"ஐப்பசில எவன்டா கடலுக்குப் போவான்? அடமழ மாசம்டா இது" என்றேன்.

"போன்ல பாத்துட்டேன் நைனா. மழைக்கு சான்ஸ் கம்மின்னுதான் காட்டுது."

"உன் போனுக்கு ஐப்பசின்னா இன்னான்னு தெரியுமா?"

"லீவு அப்பதான் கெடைக்குது நைனா. நா இன்னா பண்ணட்டும்?"

வேறு விஷயமாக இருந்தால் 'நீங்களே போய்ட்டு வாங்க' என்று சொல்லியிருப்பேன். பேத்திக்காக வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கு முந்தின கோடை விடுமுறையில் இதே கடலுக்கு வந்திருந்தோம். அவளுக்கு அப்போது ஏழு வயது. அலை காலைத் தொட வந்ததும் வீல் என்று கத்திக்கொண்டு என் தோளில் ஏறியவள் இறங்கவே இல்லை. பேச்சே சரியாக வராத அவள் தம்பி அலையில் உருண்டு புரண்டு விளையாட, அதைப் பார்த்து அவளுக்கு அவமானமாகிவிட்டது. திரும்பும்போது வண்டியில் என் காதோடு சொன்னாள்: "அடுத்த தடவை உன் கையைப் பிடிச்சிட்டு இறங்குறேன் தாத்தா. அப்பா வேணாம். அப்பா கையை விட்டுடுவாங்க."

அன்றிலிருந்து போனில் எங்களுக்குள் இதுதான் பேச்சு. முதலில் கணுக்கால் வரைக்கும் என்றாள். பிறகு முட்டி. தீபாவளிக்குள் இடுப்பு வரைக்கும் அவளே ஏலத்தை ஏற்றிவிட்டாள். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. மகன் எடுக்கிற முடிவிலும் என்னைக் கேட்பதில்லை, ஊரில் என் தம்பி வைக்கிற பயிரிலும் என்னைக் கேட்பதில்லை. இந்த வயதில் எனக்கென்று ஒருத்தி ஒரு வேலையை எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. அயர்லாந்து போய்த் திரும்பி வரும்போது அவள் வளர்ந்திருப்பாள், யார் கையும் தேவைப்படாது. அதனால் அந்த மூன்று நாளுக்குள் அவளைக் கடலில் இறக்கிவிட வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

செங்கல்பட்டு வரைக்கும் வெயில். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது. மகன் அது தூறல் என்றான். மருமகள் அவள் போனைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் நின்றுவிடும் என்றாள். பின்சீட்டிலிருந்து என் மனைவி, "எனுக்கு முட்டி வலிக்குது. இது நிக்காது" என்றாள். எங்கள் வீட்டில் அந்த முட்டி சொல்லி இதுவரை தப்பியதில்லை.

முதல் நாள் முழுக்க அறையில் அடைந்து கிடந்தோம். பேரன் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து பஸ் ஓட்டினான். துவைத்துப் போட்ட துணி எதுவும் காயாமல் அறை முழுக்க ஈர நாற்றம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக ஆளுக்கு ஒரு குடை கொடுத்தார்கள். குடை பிடித்துப் போய் ஆறிப்போன பூரியைத் தின்றுவிட்டுக் குடை பிடித்துத் திரும்பி வந்தோம். கடல் ஜன்னலுக்கு எதிரேதான் இருந்தது. மழைத்திரைக்குப் பின்னால் அதன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பேத்தி நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், அதோடேயே தூங்கிப் போனாள்.

இந்தக் கடுப்பு போதாதென்று ஊரிலிருந்து என் தம்பி போன் போட்டான்.

"அண்ணா, அங்க நல்ல மழையாமே! டிவில காட்டிக்கினு கீறான். இங்க ஒரு பொட்டு இல்ல. மேகம் கருத்துக்கினு வருது, அப்பறம் கெழக்கால போயிடுது. நாத்து மஞ்சளாவுது, ஏரில தண்ணி இல்ல, எதை நம்பி நடறது?"

கடலில் பெய்த மழை என்று வீணாய்ப் போனதைச் சொல்வோம். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உப்புத் தண்ணீரில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, பத்துப் பதினைந்து ஊர் தள்ளி நாற்று வாடுகிறது. இங்கே பெய்யவும் கூடாது, அங்கே பெய்யாமல் இருக்கவும் கூடாது. இரண்டும் தலைகீழாய் நடந்தால் மனுஷன் யாரைப் போய்க் கேட்பது?

மறுநாளும் மழை. கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். குடையோடு போய்க் காவலாளியிடம் கேட்டேன். "மழை வுட்டு, கடல் அடங்கினாதான் சார் எறங்க வுடுவாங்க" என்றார். வந்து சொன்னேன். பேத்தி அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ தலைச்சன்தானே தாத்தா?" என்றாள்.

என் வாயால் கெட்டேன். சின்ன வயதில் எங்கள் அத்தை கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொண்டபோது, வீட்டுத் தலைச்சன் பிள்ளை என்று என்னை அம்மணமாக வாசலில் நிறுத்தி, கையில் ஒரு கொள்ளிக்கட்டையைக் கொடுத்து வானத்துக்குக் காட்டச் சொன்னார்கள். தலைச்சன் கொள்ளி காட்டினால் மழை ஓடிவிடும் என்பார்கள். அன்றைக்கு மழை நின்றது. இந்தக் கதையை அவளிடம் போனில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தேன். அவள் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.

"காட்டு தாத்தா" என்றாள்.

என் மனைவி கட்டிலை விட்டு எழுந்தேவிட்டாள். "ஊர்ல நாத்து காயுது. நீ இங்க நின்னுக்கினு மழைய வெரட்டப் போறியா? புத்தி கித்தி பேதலிச்சிப் போச்சா இன்னா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நாற்று போனால் இன்னொரு தரம் விதை விடலாம். அடுத்த வாரம் விமானம் ஏறுகிற பேத்திக்கு நான் எங்கே போவேன்? என் மனைவி பூஜைக்கென்று கொண்டுவந்திருந்த ஊதுவத்திக் கட்டிலிருந்து ஒரு பிடியை உருவிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அம்மணமாக நிற்கிற வயது தாண்டிவிட்டதால் சட்டையை மட்டும் கழற்றினேன். பேத்தியும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். சாரல் இரண்டு பேரையும் நனைத்தது. நாலைந்து தரம் அணைந்து ஒருவழியாகப் பற்றிய ஊதுவத்தியை வானத்துக்குக் காட்டி, "போய்ட்டு வாம்மா" என்றேன்.

"அப்படிச் சொன்னா திரும்ப வந்துடும்ல தாத்தா? 'போ'ன்னு சொல்லு."

உள்ளே என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

"போ" என்றேன். சத்தம் வரவில்லை.

"கேக்காது. சத்தமா!"

"போ! போய்த் தொலை!" என்று கத்தினேன். இரண்டு நாள் எரிச்சலும் சேர்ந்து வந்தது. பேத்தியும் குதித்துக் குதித்து, "போ! போ!" என்று கத்தினாள். கீழே குடை பிடித்துக்கொண்டிருந்த காவலாளி அண்ணாந்து பார்த்து, "சார், பால்கனில நெருப்பு வெக்கக் கூடாது சார்" என்றார்.

மூன்றாம் நாள் விடிந்தபோது மழை இல்லை. மழை பெய்த அடையாளமே இல்லாமல் வானம் வெளேரென்று கிடந்தது. கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். கடல் நம்ம ஏரி மாதிரி அடங்கியிருந்தது. துள்ளிக்கொண்டு போய்ப் பேத்தியை எழுப்பினேன். உடம்பு அனலாய்க் கொதித்தது.

மருமகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மருந்து கொடுத்தாள், போர்த்திவிட்டாள். கடைசியாக என் பக்கம் திரும்பி, "நீங்க கூட இருக்கீங்கன்னுதான் மாமா நான் பால்கனிக்கு விட்டேன்" என்றாள். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மகன் பேரனைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனான். அந்தப் பொடியன் சிரிக்கிற சத்தம் அறைக்குள் வரைக்கும் கேட்டது. பேத்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? மழை வேண்டாம் என்றபோது பெய்தது. நின்றால் போதும் என்றபோது நின்று, நிற்கிற நேரம் பார்த்துக் காய்ச்சலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

குளியலறையில் இருந்த பிளாஸ்டிக் பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முட்டி வரைக்கும் போனேன். ஓர் அலை வந்து என்னை உட்கார வைத்துவிட்டுப் போனது. எழுந்து மொண்டேன். நுரை, மணல், உடைந்த சிப்பி எல்லாம் சேர்ந்து வந்தது. மாடிப்படியில் கால்வாசி சிந்தியது போக மீதியைக் கட்டிலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன்.

"ஜில்லுன்னு இருக்கும் மாமா. காய்ச்சலோட வேணாம்" என்றாள் மருமகள். என் ஈர வேட்டியையும் என்னையும் ஒரு தரம் பார்த்தாள். அறையில் இருந்த கெட்டிலில் வெந்நீர் வைத்து அவளே கொண்டுவந்து ஊற்றினாள்.

பேத்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை விட்டாள். அப்புறம் இன்னொரு கால். சிப்பி குத்தியதும் கண்ணைத் திறந்தாள்.

"அலை எங்க தாத்தா?"

பக்கெட்டைப் பிடித்து ஆட்டினேன். தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் வழிந்தது. வீல் என்று கத்திச் சிரித்தாள். "கையை விடாத, கையை விடாத" என்றாள். நான் விடவில்லை. அறையைக் காலி செய்யச் சொல்லி வரவேற்பறையிலிருந்து போன் வருகிற வரைக்கும் ஒரு கையால் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

விமான நிலையத்தில் "பை தாத்தா" என்றாள். "வரேன்னு சொல்லு" என்றேன். கூட்டத்தில் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊருக்குத் திரும்பினால் மண் காய்ந்து கிடந்தது. ஐப்பசி முடிகிற வரைக்கும் ஒரு தூறல் இல்லை. மேகமெல்லாம் ஆந்திரா பக்கம் போய்விட்டது என்று டிவியில் படம் போட்டு விளக்கினார்கள். என் மனைவி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது வானத்தைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். நாற்றில் பாதி கருகிப்போனது. தம்பியிடம் ஊதுவத்தி விஷயத்தை நாங்கள் மூச்சு விடவில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அந்த இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். பேத்தி வீடியோவில் வந்தாள். கம்பளிச் சட்டை, புதுப் பள்ளிக்கூடம், புதுப் பேச்சு.

"தாத்தா, கிளாஸ்ல சொன்னேன். நான் கடல்ல இறங்கிட்டேன், எங்க தாத்தா கையைப் பிடிச்சிட்டு இறங்கினேன்னு."

சந்தோஷப்பட வேண்டியவன்தான். எனக்குத் திக்கென்றது. அப்படியென்றால் அந்த வேலை முடிந்துவிட்டதா?

"அது கடல் இல்லம்மா. பக்கெட்டு."

"கடல் தண்ணிதானே தாத்தா?"

"உங்கம்மா சுடுதண்ணி கலந்தா இல்ல? அது சேத்தி இல்ல. நீ மறுபடியும் வந்து, என் கையப் புடிச்சிக்கினு இடுப்பு வரைக்கும் எறங்கணும். எப்ப வர்ற, சொல்லு."

அவள் யோசித்தாள். திரும்பி யாரிடமோ ஏதோ கேட்டாள். மறுபடி போன் பக்கம் திரும்பி வாயைத் திறந்த நேரம் பார்த்து, தகரத்தின் மேல் சரளைக்கல்லைக் கொட்டினது போல மழை இறங்கியது.

"இன்னா? இன்னா சொன்ன?" என்று கத்தினேன். அவள் உதடு அசைகிறது. ஒரு சொல் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. வாசலில் என் மனைவி முக்காடு கூடப் போடாமல் நனைந்துகொண்டு நின்றாள். பக்கத்துக் கழனியில் யாரோ சந்தோஷத்தில் சீட்டி அடித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வாயத் தொறந்த, பாத்துக்க!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். போனில் பேத்தி எதையோ சொல்லி முடித்துவிட்டுக் கையை ஆட்டினாள். பை என்றாளா, வரேன் என்றாளா, தெரியவில்லை.