கீரி முகத்தில் விழித்தோம்

காலையில் எழுந்ததும் கீரிப்பிள்ளையைப் பார்த்தால் நல்லது நடக்குமாம். சொன்னவர் பக்கத்து வீட்டு கோபால் சார்.

எங்களுக்கு நடந்த நல்லதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டின் பின்னால், துணி காயப்போட்டது போக மிச்சமிருக்கும் மண்ணில் ஒரு சேவலும் ஆறு கோழிகளும் வளர்த்து வந்தோம். கொஞ்ச நாள் முன்பு ஒரு காலை, கூண்டைத் திறந்துவிட்டு அடுப்பில் பால் வைக்க உள்ளே போனேன். பால் பொங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சேவல் உட்பட அத்தனையும் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. பசிக்குக் கொன்றிருந்தாலாவது மனசு ஆறும். ஒன்றைக்கூடத் தின்னவில்லை! தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்ட கருப்பி என்ற கோழி மட்டும்தான் மிச்சம்.

மதில்மேல் நின்று கீரி என்னைத் திரும்பிப் பார்த்தது. துடைப்பத்தை ஓங்கினேன். பால்கனியிலிருந்து கோபால் சார் பதறினார்.

"மேடம், அடிக்காதீங்க! கீரி இருந்தா பாம்பு அண்டாது. காலைலயே அது முகத்துல முழிச்சிருக்கீங்க... ரொம்ப நல்ல சகுனம்!"

இவரை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

மதில்மேல் கம்பிவலை போட வெல்டரைக் கூப்பிட்டோம். "வந்துகினே கீறேன்க்கா" என்றார். இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறார்.

கருப்பி சில நாள் தொட்டியை விட்டு நகரவில்லை. பிறகு கூண்டுக்குள் போய், வெறும் வைக்கோல்மேல் அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். சேவல் இருந்த காலத்தில் அவள் இட்டதையெல்லாம் நாங்கள் ஆம்லெட் போட்டுத் தின்று தீர்த்திருந்தோம்! காலியாகக் கிடந்த அந்த மண்ணைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எப்படியாவது இவள் மறுபடி குஞ்சு பொரித்தாக வேண்டும்.

"முட்டைதானே? நான் வாங்கிட்டு வரேன்" என்று என் கணவர் ஸ்கூட்டரை எடுத்தார். மேடவாக்கம் டிராஃபிக்கில் நீந்தி, சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பாக்கெட்டோடு திரும்பினார். மேலே 'ஒரிஜினல் நாட்டுக்கோழி முட்டை' என்று பச்சை எழுத்து.

"பாரு, எவ்ளோ ஃபிரெஷ்! ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க."

எனக்கும் உறைக்கவில்லை. அதுதான் கொடுமை.

கருப்பி உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து, நாலு வாய் கொத்திவிட்டு ஓடிப்போய் உட்காருவாள். கொண்டை வெளுத்தது. உடம்பு பாதியானது. என் கணவரோ பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி எல்லோரையும் "ஷ்ஷ்..." என்று அடக்கிக்கொண்டு திரிந்தார். மூன்று வாரம் தாண்டியும் ஒரு ஓடுகூட விரியவில்லை.

நாவலூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஷீலா, லீவுக்கு வந்தவள் கேட்டாள்: "முட்டை எங்க வாங்குனீங்க?"

சொன்னோம். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா... அந்தப் பண்ணையில எல்லாம் சேவலே இருக்காதுப்பா!"

"நாட்டுக்கோழின்னு போட்டிருந்துச்சேம்மா?"

"நாட்டுக்கோழிதான். கல்யாணமாகாத நாட்டுக்கோழி!"

நம்பாமல் இவர் ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். 'டப்'பென்று வெடித்தது. தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. அத்தனையும் கூமுட்டை. எங்கள் இருவரையும் சேர்த்துத்தான்.

'நாட்டு' என்று முன்னால் ஒட்டியிருந்தால் போதும் – சர்க்கரையோ, தக்காளியோ, முட்டையோ – மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாம் கடைக்குள்ளேயே போகிறோம்.

நாங்கள் சிரித்துவிட்டோம். கருப்பி எழுந்திருக்கவில்லை. முட்டைகளை எடுத்த பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்படியே போனால் இவளும் போய்விடுவாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷீலாதான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், அப்போதுதான் பொரித்த குஞ்சுகளை ஷூ டப்பாவில் கொண்டுவந்தாள். இருட்டியதும் ஒவ்வொன்றாகக் கருப்பியின் வயிற்றுக்கடியில் தள்ளினோம். ஏற்றுக்கொள்வாளா, கொத்தியே கொன்றுவிடுவாளா? மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

'க்ளக்... க்ளக்...' என்று அடித்தொண்டையில் ஒரு குரல். வெளியே நின்ற கடைசிக் குஞ்சுக்காக இறக்கையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால், கூமுட்டை நெடியாம்!

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, குஞ்சுகள் வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. மதில்மேல் மறுபடியும் கீரி.

நான் துடைப்பத்தைத் தேடி ஓடினேன். கருப்பிக்குத் துடைப்பம் தேவைப்படவில்லை. உடம்பையே இரண்டு மடங்காகச் சிலிர்த்துக்கொண்டு, அலறிக்கொண்டு, மதில் உயரத்துக்குப் பாய்ந்தாள். கீரி அந்தப் பக்கம் உருண்டு விழுந்து, கோபால் சாரின் பூந்தொட்டிகளைச் சாய்த்துக்கொண்டு ஓடியது.

சத்தம் கேட்டு அவர் பால்கனிக்கு வந்தார். "என்ன மேடம், இன்னைக்கும் கீரி முகத்துல முழிச்சிட்டீங்களா?"

"இல்ல சார். இன்னைக்குக் கீரிதான் எங்க கருப்பி முகத்துல முழிச்சிருக்கு!"