அக்காவின் கண்ணாடித் தகட்டை யாரும் பார்க்கவில்லை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவிடம் மீன் வாங்கிப் பழகிய அன்பர்களுக்கும் தங்கையாகிய நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் உள்ள எங்கள் குப்பத்தில். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு நான்கு. மறு வாரமே அம்மாவின் மீன் கூடையை அக்கா தலையில் ஏற்றிக்கொண்டார். கரையில் மீன் எடுத்து, திருப்போரூர் சந்தைவரை நடந்தே போய் விற்றுவிட்டு வந்து எனக்குத் தலை பின்னிவிடுவார். பெண்பிள்ளைக்கு எட்டாவது போதும் என்று அப்பா சொன்னபோது அக்கா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் அப்பாவே என்னை ஒன்பதாவதில் சேர்த்துவிட்டு வந்தார். நான் நர்ஸ் பயிற்சி முடித்து, எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வேலைக்கு வந்தது அப்படித்தான்.

அக்காவின் கணவரான மாமா கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். மூன்று பிள்ளைகள். கரையில் எத்தனை நெருக்கடி வந்தாலும் அக்கா வாடிக்கையாளரிடம் பொய் சொல்லமாட்டார். "இது நேத்து மீனு. வறுக்காத, கொழம்பு வையி" என்று வாங்க வந்தவரிடம் தாமே சொல்லிவிடுவார். சந்தையில் மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் அக்காவின் கூடைதான் முதலில் காலியாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சுகாதார நிலையத்தில் ஒரு முகாம் நடந்தது. கர்ப்பப்பை வாயில் மரக்குச்சியால் தடவி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சென்னைக்கு அனுப்பி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பரிசோதனை. குப்பத்துப் பெண்கள் வெட்கப்பட்டு வர மறுத்தார்கள். அப்போதிருந்த டாக்டர் என்னிடம், "உங்க அக்கா மொதல்ல வந்தா மத்தவங்களும் வருவாங்க. பேசிப் பாரும்மா" என்றார். நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"இன்னாத்துக்குடி பாப்பா? நல்லாத்தான கீறேன்" என்றார் அக்கா.

"நல்லா இருக்கும்போதே பாக்குறதுதான்க்கா இது. புத்து வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். சின்ன வைத்தியத்துல சரியாப் போயிடும்."

"நீ கூட நிப்பியா?"

"நிப்பேன்."

"அப்ப வரேன்."

அக்கா தனியாக வரவில்லை. தெருத் தெருவாகப் போய் அழைத்து, நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிகள் பேசினார்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து நாளில் ஒவ்வொருவருக்கும் முடிவுச் சீட்டு வரும் என்று டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். தகடுகளில் எண் எழுதி ஒட்டியவள் நான். அக்காவுடையது முதல் எண்.

சீட்டு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் கேட்டேன். "சீட்டு வரலைன்னா கோளாறு இல்லைன்னுதான் அர்த்தம். அப்படியே சொல்லிடும்மா" என்றார். நான் நம்பினேன். வீடு வீடாகப் போய் அதே சொற்களைச் சொன்னேன். அக்காவிடமும் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த ஆண்டு அக்காவுக்கு இடையிடையே உதிரம் பட ஆரம்பித்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா" என்றேன். "அன்னிக்கே ஒண்ணும் இல்லன்னு நீதான சொன்ன? வயசாவுது, அதான்" என்று மறுத்தார். படித்த நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஒன்றரை ஆண்டு அப்படியே போயிற்று. ஒரு நாள் திருப்போரூர் சந்தையில் புடவையெல்லாம் நனைந்து மயங்கி விழுந்தார். மாமா செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா பார்த்ததுமே புரிந்துகொண்டு சென்னைக்குக் கடிதம் கொடுத்தார்.

சென்னை மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிவிட்டது என்றார்கள். "இதற்கு முன் பரிசோதனை செய்ததுண்டா?" என்று கேட்டார்கள். "செஞ்சாங்களே. ஒண்ணும் இல்லன்னாங்க" என்றார் அக்கா. அந்த முடிவைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

நான் ஊருக்குத் திரும்பி, சுகாதார நிலையத்தின் அலமாரிகளைத் தேடினேன். பழைய பதிவேடுகளுக்குப் பின்னால், ஓர் அட்டைப் பெட்டிக்குள் நாற்பத்தொரு தகடுகளும் இருந்தன. என் கையெழுத்தில் ஒட்டிய எண்கள் அப்படியே இருந்தன. பெட்டியைக் கொண்டுபோய் டாக்டரின் மேசைமேல் வைத்தேன்.

அவர் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு, "மெட்ராஸ்ல தகட்டைப் பாக்க ஆளில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. நான் என்ன பண்றது?" என்றார்.

"அதைச் சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொன்னா அடுத்த முகாமுக்கு எவ வருவா?"

அந்த டாக்டர் கெட்டவர் அல்லர். எத்தனையோ பிரசவங்களுக்கு மழையில் நனைந்து வந்தவர். அதனால்தான் அந்தப் பதிலை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

யாரிடமும் அனுமதி கேட்காமல் பெட்டியைச் சென்னைக்கு எடுத்துப்போனேன். ஆய்வுக்கூடத்தில் இருந்த அம்மையார் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற தகடுகள் எல்லாம் கெட்டுப்போயிருந்தன. முதல் எண் தகட்டில் மட்டும் போதிய அளவு தெரிந்தது. "அப்பவே மாற்றம் இருந்திருக்கு. அந்த நேரத்துல வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும்" என்றார்.

அக்காவிடம் இதை மறைத்துவிடலாம் என்று மாமா சொன்னார். என்னால் முடியவில்லை. கட்டில் அருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "அந்தாளு சொன்னது இருக்கட்டும். எங்கிட்ட வந்து நீதான சொன்ன பாப்பா" என்றார். அதன் பிறகு ஒருநாளும் அதைப் பேசவில்லை.

பேசியதெல்லாம் மற்ற நாற்பது பேரைப் பற்றித்தான். "அவுங்கள இட்டாந்தது நானு. அவுங்களும் ஒண்ணும் இல்லன்னு நெனச்சிகினு கீறாங்க. போய்ச் சொல்லு" என்றார். என் வேலை போய்விடும் என்று தயங்கினேன். சென்னையில் கரண்டு வைக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை முடித்து ஊருக்கு வந்த நான்காம் நாள், மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா தாமே தெருவில் இறங்கினார். நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அன்னிக்கு எடுத்தத எவனும் பாக்கல. எனக்குப் புத்து வந்துட்சி. நீ திரும்பப் போய்ப் பாத்துக்கோ" என்றார். சிலர் அழுதார்கள். "உன்ன நம்பித்தான வந்தோம்" என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்டார். "ஆமா. நானும் நம்பித்தான் வந்தேன்" என்றார் அக்கா.

எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவுக்குப் புற்று ஆரம்ப நிலையில் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. சென்னையில் அறுவைச் சிகிச்சை செய்து நலமாக இருக்கிறார்.

நான் மேலிடத்துக்கு மனு எழுதினேன். முகாம் சிறப்பாக நடந்து முடிந்ததாகப் பதிவேடுகள் காட்டுகின்றன என்று பதில் வந்தது. டாக்டர் மாற்றலாகிப் போனார். பிரிவு உபசாரத்துக்குக் குப்பத்திலிருந்து யாரும் போகவில்லை. புதிதாக வந்த டாக்டரம்மா என்னைத் தடுக்கவில்லை. இப்போது வியாழன்தோறும் தகடுகளை நானே பேருந்தில் சென்னை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, முந்தைய வாரத்து முடிவுகளை எழுதி வாங்கி வருகிறேன். ஒருவருக்கு முடிவு வராவிட்டால் வரவில்லை என்றே அவரிடம் சொல்கிறேன்.

நோயின் பெயரை இந்த மலரில் போட வேண்டாம், குடும்பத்துக்கு அழகில்லை என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அக்கா மாமாவிடம், "வவுத்து வலின்னு எழுதிடாத. இன்னா நோவுன்னு போடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கடைசி வாரங்களில் வலி கடுமையாக இருந்தது. சோறு இறங்கவில்லை. நாற்பது பேரில் இருவர் மட்டும் அதுவரை போகவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "அந்த ரெண்டு பேரு?" என்றுதான் கேட்பார். இறப்பதற்கு முந்தின நாளும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். காரியம் முடிந்த மறு வாரம் இருவரும் என்னோடு பேருந்து ஏறினார்கள். இருவருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது. அதைக் கேட்க அக்கா இல்லை.

செங்கல்பட்டு டாக்டரம்மாவுக்கும், தம் வேலை நேரத்துக்கு மேல் உட்கார்ந்து எங்கள் தகடுகளைப் பார்த்துத் தரும் ஆய்வுக்கூட அம்மையாருக்கும், அக்காவுக்கு ஆறு மாதம் கஞ்சி ஊட்டிய கன்னியம்மாவுக்கும், கடலுக்குப் போகாமல் உடனிருந்த மாமாவுக்கும், தோள் கொடுத்த குப்பத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அக்கா என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவராகவும் சொல்லவில்லை.